மேற்கே மலை, கிழக்கே வெயில்: கொங்கு நிலப்படங்களைப் பகிரவும் கூட்டாளிகளைச் சேர்க்கவும்

போன ஆடியில் ஒரு தம்பி ஒரே நாளில் எனக்கு நாற்பத்தேழு படங்கள் அனுப்பினார். எல்லாமே பல்லடத்தை ஒட்டிய கேத்தனூர்ப் பக்கம் எடுத்த காத்தாடிப் படங்கள், காற்றாலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். "ஏனுங்ணா, எல்லாத்தையும் இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டனுங்க. பதினோரு லைக்குத்தான் வந்துச்சு. படம் நல்லால்லீங்களா?" என்று கேட்டிருந்தார்.

அவற்றில் ஒரு படம் மிக நன்றாக இருந்தது. மேக நிழல் செம்மண் காட்டின் மேல் பாதி தூரம் வந்திருந்தது. நிழலுக்குள் ஏழெட்டுக் காத்தாடிகள் சாம்பலாக நிற்க, ஒன்று மட்டும் வெயிலில் பளீரென்று நின்றது. அந்தப் படத்தை முப்பத்தொன்றாவதாகப் போட்டிருந்தார். அதுவரை யாரும் தள்ளிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். செல்போனோ கேமராவோ, நம் பக்கத்து நிலத்தை எடுக்கத் தொடங்கி, அதை யாரிடம் காட்டுவது, யாரோடு சேர்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருசத்தில் நான் பார்த்தவரை, அடுத்தவர் படத்தை நின்று பார்க்கிற ஆளிடம்தான் கூட்டாளிகள் வந்து சேர்கிறார்கள். நல்ல படம் எடுத்தும் தனியாகவே நிற்பவர்கள் எத்தனையோ பேர். சுமாரான படம் எடுத்தாலும், பத்துப் பேர் படத்தைப் பொறுமையாகப் பார்த்து நாலு வரி எழுதுகிறவருக்கு ஒரு வருசத்தில் கூட்டாளிகள் கிடைத்துவிடுகிறார்கள். கூட்டாளிகள் கிடைத்ததும் படமும் தேறிவிடுகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

முதலில் ஒரு இடத்தைப் பிடியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வாரம் வால்பாறை, அடுத்த வாரம் கொல்லிமலை, அதற்கடுத்த வாரம் திம்பம் என்று ஓடுகிறார்கள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70, திம்பத்துக்கு 27. அந்த வளைவுகளில் எடுத்த படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நீங்கள் போய் எடுப்பதும் அந்தக் குவியலில் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு குளம், ஒரு கரடு (சின்னக் குன்று), கிளுவை வேலிக்கு நடுவே போகும் ஒரு இட்டேரித் தடம், கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் ஒரு வளைவு, எதுவானாலும் சரி. அதையே ஒரு வருசம் எடுங்கள். சூலூர்க் குளத்தைப் பன்னிரண்டு மாதமும் எடுத்த ஆள் என்று உங்களை நாலு பேர் அறிந்துகொண்டால், அந்தக் குளத்தில் அக்கறை உள்ளவர்கள் எல்லாம் உங்களைத் தேடி வருவார்கள்.

நம் பக்கத்து வெளிச்சத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. மலைகள் மேற்கே இருப்பதால் காலை வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். பேரூர், ஆலாந்துறைப் பக்கம் நின்று வெள்ளியங்கிரியை எடுக்க நினைத்தால், வெடியாலையே போய்விட வேண்டும். முதல் வெயிலில் பாறை மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் போனால் அதே மலை கருத்த விளிம்பாக மட்டும் நிற்கும். சூரியனும் நாள்காட்டி சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கணக்கு வேறு. அங்கே மேற்கு அடிவானம் தாழ்வு என்பதால், வெய்யத்தாழ (சாயங்கால) வெளிச்சம் கடைசி நிமிடம் வரை தரையோடு தரையாக ஓடி, ஒவ்வொரு புல்லுக்கும் நிழல் போடும்.

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து வீசுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் இத்தனை காத்தாடிகள் நிற்பதற்கும் அதுதான் காரணம். மழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடும். இங்கே மேகம் ஓடும், அதன் நிழலும் தரையில் ஓடும். அந்தத் தம்பியின் படம் போன்ற ஒன்று வேண்டுமானால் ஆடியில் ஒரு மணி நேரம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கப் பழக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாள் காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அன்னூரிலிருந்தே நீலகிரி மடிப்பு மடிப்பாகத் தெரியும். மாசி, பங்குனியில் புழுதி மூட்டம் ஏறிவிடும். அந்த மாதங்களில் தூரத்து மலையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பனைமரத்தை எடுங்கள்.

இலக்கணத்தில் முல்லைக்கு மாலை, மருதத்துக்கு விடியல் என்று சிறுபொழுது வகுத்து வைத்திருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். கேமராவோடு போய்ப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்பது எனக்குப் புரிந்தது. கொடிவேரி அணைக்கட்டுத் தண்ணீர் பாயும் கோபி வயல்களை விடியலில் எடுங்கள், மாடு மேயும் காங்கேயத்துக் கொரங்காட்டைப் பொழுது சாயும்போது எடுங்கள். பொழுதை மாற்றிப் போய் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

போடுவதற்கு முன் பார்க்கப் பழகுங்கள்

கணக்குத் தொடங்கியதும் படம் போட வேண்டாம். இரண்டு வாரம் பார்க்க மட்டும் செய்யுங்கள். நம் வட்டாரத்தை எடுக்கும் இருபது பேரைத் தேடிப் பின்தொடருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஊர்ப்பெயர் போட்டுத் தேடினால் கிடைத்துவிடுவார்கள். பெரிய பெயர்களை மட்டும் பார்க்காதீர்கள். உங்களைப் போலவே நேற்றுத் தொடங்கியவர்கள் அதில் பாதியாவது இருக்கட்டும்.

தினம் ஒரு படத்துக்கு மூன்று வரி எழுதுங்கள். "செம", "வேற லெவல்" என்று எழுதிவிட்டுப் போவதால் எடுத்தவருக்கு எதுவும் கிடைக்காது. முதல் வரியில், கண் முதலில் எங்கே போனது என்று சொல்லுங்கள். இரண்டாவது வரியில், கண் எங்கே தடுக்கியது என்று சொல்லுங்கள். மூன்றாவது வரியில் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு உதாரணம் தருகிறேன்.

கோபிப் பக்கத்துத் தங்கை ஒருவர் நாற்று நட்ட வயலில் வானம் தெரியும் படம் ஒன்று போட்டிருந்தார். நான் எழுதியது இது: "தண்ணீரில் தெரியும் மேகம்தான் முதலில் கண்ணில் பட்டது அம்மணி. அங்கிருந்து வரப்பு வழியாகக் கண் மேலே ஏறி, இடது ஓரத்தில் பனைமரத்துத் தலை வெட்டுப்பட்ட இடத்தில் நின்றுவிட்டது. இரண்டு எட்டு வலப்பக்கம் நகர்ந்திருக்க இடம் இருந்ததா?" அவர் பதில் எழுதினார்: "இடமில்லீங்ணா, அந்தப் பக்கம் வாய்க்கால். ஆனா கேமராவக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சிருக்கலாம். நாளைக்கே போய்ப் பாக்கறனுங்க." மறுநாளே போனார். பனை முழுசாக வந்தது, மேகம் போய்விட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டார். அதன்கீழ் நடந்த பேச்சில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். அந்த ஐவரும் இன்றுவரை எங்கள் குழுவில் இருக்கிறார்கள்.

குறையை நாலு பேர் பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு கேள்வி வரும். படம் போட்டவர் கருத்துக் கேட்டிருந்தால் வெளிப்படையாகச் சொல்லலாம். கேட்காவிட்டால் தனிச் செய்தியில் "ஒரு யோசனை சொல்லட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வயதில் மூத்தவர் என்றால் இன்னும் பக்குவமாக எழுத வேண்டும். அந்த ஒரு "ங்க" நம் பக்கத்தில் எவ்வளவு வேலை செய்யும் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் படத்தைத் தயார் செய்வது

படம் எடுக்கப் போகும் ஒரு நடைக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் மூன்று. எடுத்த அன்றே தேர்ந்தெடுக்க வேண்டாம். அன்றைக்கு அலைந்த அலைச்சலும் குளிரும் மனசில் இருக்கும், படத்தில் இல்லாததையெல்லாம் படத்தில் பார்ப்போம். மூன்று நாள் கழித்துத் திறந்தால் சுமாரானவை தாமாகவே கழன்று போகும்.

கோப்பு விசயத்தில் சிலவற்றைக் கவனித்தால் போதும். கேமராவில் சுருக்காத மூலக் கோப்பாகப் பதியும் ரா (RAW) வசதி இருந்தால் அதிலேயே எடுத்து வையுங்கள், வானத்து வெளிச்சத்தைப் பிறகு மீட்க முடியும். வெளியிடும்போது ஜேபெக்காக (JPEG), எஸ்ஆர்ஜிபி (sRGB) வண்ண அமைப்பில் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபியில் சேமித்ததை அப்படியே ஏற்றினால் பல திரைகளில் செம்மண் சாம்பல் பூத்துப்போய்த் தெரியும். இன்ஸ்டாகிராமுக்கு அகலம் 1080 பிக்சல் போதும். நெட்டுவாக்குப் படம் என்றால் 1080-க்கு 1350. அகலமான நிலப்படங்கள் அங்கே சிறுத்துப் போகும். அவற்றுக்கு ஃபிளிக்கர் நல்ல இடம். 2004 முதல் இருக்கிறது, பெரிய அளவில் பார்க்கலாம், இலவசக் கணக்கில் 1000 படம் வரை வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, விவரம் தேய்ந்துவிடும். நண்பர்கள் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்றால் ஆவணமாக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் இடக்குறிப்பும் கூடவே போகும் என்பதை மறக்காதீர்கள். அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வண்ணத்தைத் திருத்துவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சாச்சுரேஷனை (வண்ண அடர்த்தியை) ஏற்றி ஏற்றிக் கோபி வயலைப் பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்தது போலப் போடுகிறார்கள். அந்த வயலில் இறங்கி வேலை செய்கிறவர் பார்த்து "இது எங்கூருதானுங்க" என்று சொல்ல வேண்டும். நான் அதைத்தான் அளவாக வைத்திருக்கிறேன்.

படத்தோடு எழுதும் வரிகள்

நம்மவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறோம். இவ்வளவு சொல் வளம் உள்ள மொழியை வைத்துக்கொண்டு, படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தையும் கை நிறைய ஹேஷ்டேக்கும் போட்டுவிட்டுப் போகிறோம்.

இலக்கணத்தில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சேர்த்தே சொன்னார்கள். அந்த நிலத்தில் இருக்கும் மரம், விலங்கு, பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். வரி எழுதுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எந்த நிலம், எந்த மாதம், எந்தப் பொழுது, அங்கே என்னவெல்லாம் இருந்தன என்ற நாலையும் எழுதிவிட்டால் போதும், உணர்ச்சியைப் பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார்.

ஒரு வரியை எப்படித் திருத்தலாம் என்று பாருங்கள். முதலில் எழுதியது: "அழகிய மாலைப் பொழுது, இயற்கை அன்னையின் மடியில்." திருத்தியது: "காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கொரங்காடு. புரட்டாசிக் கடைசி, பொழுது இறங்க அரை மணி நேரம். கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டிருக்கிறது. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் தெரிவது வெள்வேல மரம்." இரண்டாவது வரியைப் படித்த ஒருவர் சென்னையிலிருந்து எழுதினார். அவர் அப்பாவின் ஊர் தாராபுரம் பக்கம். கொரங்காடு என்ற சொல்லைக் கேட்டே இருபது வருசம் ஆகிவிட்டதாம். அப்புறம் அவரே பழைய குடும்பப் படங்களைத் தேடி எடுத்து எங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்.

இட்டேரி, கரடு, சாளை (தோட்டத்து வீடு), பட்டி, படல், பள்ளம், வாய்க்கால் மேடு என்று ஊரில் புழங்கும் பெயர்களையே போடுங்கள். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதிக் கேளுங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வருவார்கள், அவர்களில் சிலர் தங்கியும் விடுவார்கள். காட்டுயிர்ப் படங்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணன் தன் படங்களுக்குத் தானே எழுதினார், தமிழிலும் எழுதினார். எழுத்தையும் படத்தையும் ஒரே ஆள் பொறுப்பாகச் செய்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவர் போதும்.

இடத்தைச் சொல்வதா, வேண்டாமா

இது எனக்கு வலித்துக் கற்ற பாடம்.

சில வருசத்துக்கு முன் ஊதியூர் மலையிலிருந்து வெகு தூரத்தில், ஒரு சின்னக் கரட்டு மேல் இருக்கும் சுனையை எடுத்தேன். மழைக்குப் பிறகு வானம் அப்படியே பாறைக்குள் கிடக்கும். மகிழ்ச்சியில் இடக்குறிப்போடு போட்டுவிட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். மூன்று வாரம் கழித்து நானே மறுபடி போனேன். சுனை ஓரத்தில் பாட்டில்களும் தின்பண்டக் காகிதங்களும் கிடந்தன. கீழே கொரங்காட்டுப் படல் சாத்தாமல் கிடந்தது. வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா என் கேமராவைப் பார்த்ததும் கேட்டார்:

"ஏஞ்சாமி, நீதான் போட்டோப் புடிச்சுப் போட்டயாக்கும்? வர்றவுக படலச் சாத்தாமப் போயிர்றாங்க. ரெண்டு கன்னுக்குட்டி தார்ரோடு வரைக்கும் போயிருச்சு. வண்டில அடிபட்டா யாரு சாமி பதில் சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே படத்திலிருந்து இடக்குறிப்பை எடுத்தேன். ஆனால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் கணக்கு இது. பொது இடம், அரசே பராமரிப்பது, கூட்டத்தைத் தாங்கும் என்றால் பெயரைத் தாராளமாகச் சொல்கிறேன். கொடிவேரி, ஆழியாறு அணை, திருமூர்த்தி மலை, நஞ்சராயன் குளத்துக் கரை போன்றவை இதில் சேரும். தனியார் காடு, தோட்டம், சின்னச் சுனை, ஆள் நடமாட்டம் இல்லாத கோயில் என்றால் வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். பறவைக் கூடு, வெளிமான் திரியும் இடம் என்றால் அதுவும் கிடையாது. நஞ்சராயன் குளமும் வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் இன்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ள நீர்நிலைகள், வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் சேர்ந்தன. அங்கே குளத்தை எடுங்கள், வானத்தை எடுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படத்தை எங்கள் குழுவில் யாரும் பாராட்டுவதில்லை.

போனில் கேமரா அமைப்புக்குள் போய் இடப்பதிவை நிறுத்திவிடுங்கள். பழைய படங்களுக்குப் பகிரும்போது இடத்தை நீக்கும் வசதி பெரும்பாலான போன்களில் இருக்கிறது.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவானிசாகர் அணை நீர் வெகுவாக வற்றினால் டணாய்க்கன் கோட்டைப் பழைய கோயில் வெளியே தெரியும். அந்தச் செய்தி வந்ததுமே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோன்றும். அதைச் சுற்றியிருப்பது யானையும் புலியும் நடமாடும் சத்தியமங்கலத்துக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். திம்பம் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி இறங்கி எடுப்பதும் அப்படித்தான். அனுமதியில்லாமல் எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பகிராதீர்கள், பார்த்த பத்துப் பேரும் அடுத்த வாரம் அங்கே நிற்பார்கள். டிரோன் வைத்திருந்தால் 2021 டிரோன் விதிகளைப் படித்துவிட்டு, அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களைப் பாருங்கள். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருப்பதால் நம் பக்கத்தில் பறக்கவிட முடியாத இடங்கள் அதிகம்.

குழு சேர்ப்பது

ஆறு மாதம் இப்படிப் போனால், ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப உங்கள் படத்துக்குக் கீழே வருவதைப் பார்ப்பீர்கள். அவர்களில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு குழு தொடங்குங்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். 1932-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் சேர்ந்து குரூப் எஃப்/64 என்று தொடங்கியபோதும் ஒரு கையளவு ஆட்கள்தான். பெரிய கேமரா லென்ஸின் மிகச் சிறிய துளை அளவுதான் அந்தப் பெயர். முன்னால் கிடக்கும் கல் முதல் தூரத்து மலை வரை எல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அத்தனை பேரும் ஒரே விசயத்தை நம்பினார்கள், ஒருவர் படத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு அது போதுமானது.

எங்கள் குழுவில் நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாரத்துக்கு ஒரு படம்தான் போடலாம். ஒரு படம் போட வேண்டுமானால் அந்த வாரத்தில் இரண்டு பேர் படத்துக்கு எழுதியிருக்க வேண்டும். காலை வணக்கச் செய்தி, அரசியல், சாதிப் பெருமை, கேமரா விற்பனை கிடையாது. இதில் சாதியை நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிலத்தைப் பற்றிப் பேசினாலே அது யாருடைய நிலம் என்ற பேச்சு சீக்கிரம் வந்துவிடும். தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளையும், அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர் பிள்ளையும் ஒரே வயலை எடுத்து ஒரே குழுவில் போடுகிறார்கள். இருவர் படமும் ஒரே மரியாதையோடு பார்க்கப்பட வேண்டும். இதைக் குழு தொடங்கும் அன்றே எழுதி வைத்துவிடுங்கள், சிக்கல் வந்த பிறகு எழுதினால் யாரோ ஒருவரைக் குறிவைத்தது போலாகிவிடும்.

மாதத்துக்கு ஒரு தலைப்புக் கொடுக்கலாம். தலைப்பு குறுகலாக இருந்தால் நல்லது. "இயற்கை" என்று கொடுத்தால் யாரும் எங்கும் போக மாட்டார்கள். "இட்டேரி" என்று கொடுத்த மாதம் எங்களுக்கு முப்பத்திரண்டு படங்கள் வந்தன. அதில் ஒன்பது, இட்டேரி இருந்த இடத்தில் இப்போது இருக்கும் கான்கிரீட் பாதைகள். அந்த மாதப் பேச்சு நடுராத்திரி வரை நீண்டது.

பெண்கள் சேர வேண்டும் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. விடிகாலை ஐந்து மணிக்குக் குளத்துக் கரையில் தனியாக நிற்பது பல பெண்களுக்கு இயலாத காரியம். எனவே கூட்டமாகப் போகும் நடைகளை முறையாக வையுங்கள். யார் யார் வருகிறார்கள், எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை முதல் நாளே குழுவில் எழுதுங்கள். புதிதாய் வருகிறவர்களின் தொலைபேசி எண்ணை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் தராதீர்கள். எங்கள் குழுவில் அக்காமார் இருவர் நடைக்குப் பொறுப்பெடுத்த பிறகுதான் மற்றப் பெண்கள் வந்தார்கள்.

நடை போகும்போது எல்லாரும் ஒரே இடத்தில் முக்காலி ஊன்றாமல் பிரிந்து போங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஏதாவது ஒரு பேக்கரியில் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, கேமராத் திரையிலேயே ஒருவர் எடுத்ததை ஒருவர் பாருங்கள். இணையத்தில் ஆறு மாதம் பேசியும் தெரியாதது அங்கே கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

உரிமை

சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் எடுத்த படத்தின் உரிமை, யாரிடமும் காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்காக எடுக்காத வரை, உங்களுடையது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டு வரையும் அந்த உரிமை நிற்கும். இணையத்தில் போட்டதால் அது போய்விடாது. யாராவது கேட்காமல் எடுத்துப் போட்டால் முதலில் தனியாகச் செய்தி அனுப்பிப் பெயர் போடச் சொல்லுங்கள், பலர் அறியாமல் செய்கிறார்கள். கேட்காவிட்டால் அந்தந்தத் தளத்திலேயே புகார் தர வழி உண்டு. படத்தின் நடுவில் பெரிதாகப் பெயர் போடுவது எனக்குப் பிடிக்காது, வானத்தின் மேல் முத்திரை குத்தியது போல இருக்கும்.

சில படங்களை எல்லாருக்கும் கொடுத்துவிடவும் செய்யலாம். நம் ஊர்க் குளங்கள், கரடுகள், அணைக்கட்டுகள் பலவற்றுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் நல்ல படம் இல்லை. விக்கிமீடியா பொதுவகத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றினால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம். வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், கொடுத்ததைப் பிறகு திரும்பப் பெற முடியாது. எனவே மிகப் பிடித்த படத்தை வைத்துக்கொண்டு, ஊரைத் தெளிவாகக் காட்டும் படத்தைக் கொடுங்கள்.

அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்

வருசத்துக்கு ஐந்தாறு படங்களையாவது அச்சுப் போடுங்கள். 8-க்கு 12 அங்குலத்தில் தெளிவாக வர 2400-க்கு 3600 பிக்சல் வேண்டும். இன்ஸ்டாகிராமுக்காகச் சுருக்கியது போதாது, மூலக் கோப்பைப் பத்திரமாக இரண்டு இடத்தில் வையுங்கள். அச்சுப் போட்டதை யாருடைய காட்டில், யாருடைய வரப்பில் நின்று எடுத்தீர்களோ அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அந்தச் சுனைக்குக் கீழே இருந்த கொரங்காட்டைப் பொழுது சாயும் நேரத்தில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை அச்சுப் போட்டு, தை மாதம் ஆத்தாவிடம் கொண்டுபோனேன். சாளைத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். நான் பெருமையாக நினைத்திருந்த வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் இருந்த மரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்த வேலமரம் இப்ப இல்ல சாமி. ஆடிக் காத்துல சாஞ்சுபோச்சு. எங்க மாமனாரு நட்டுவெச்சது. மாடெல்லாம் மத்தியானம் இதுக்கடீலதான் படுத்துக்கும்."

அன்று இரவு அந்தப் படத்தைத் திறந்து, பழைய வரிக்குக் கீழே இதைச் சேர்த்தேன்: "இடது ஓரத்து வெள்வேல மரம் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. நட்டவர் இந்தக் காட்டுக்காரரின் மாமனார். நடுப்பகலில் மாடுகள் இதன் நிழலில் படுக்கும்."

மறுநாள் காலைக்குள் குழுவில் நாலு பேர் தங்கள் பழைய படங்களை எடுத்துக்கொண்டு காட்டுக்காரர்களைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள்.